உறைநீரும் உடைகுழாயும்

நீர் உறைந்து பனிக்கட்டியாகுங்கால் அதன் பருமன் பெருகும் என்பதைக் கீழ்வகுப்பு மாணவரும் அறிவர். குளிர்நாடுகளிலே பனிக்காலத்தில் வீட்டு நீர்க்குழாய்கள் வெடிப்பதுண்டு என்பதையும் பலர் கேள்வியுற்றிருப்பர். இவ்விரண்டையும் பிணைத்து, உள்ளே உறைந்த பனிக்கட்டி பருத்துக் குழாயைப் பிளந்துவிடுகிறது என்று விடை கூறி அமைவது எளிது. தேர்விலே அவ்விடைக்கு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆயினும் அது முழு உண்மையன்று. குழாயைப் போர்வையாற் சுற்றிவிட்டால் அது உறையவே உறையாது என்னும் நம்பிக்கையும் அவ்வாறே பாதி உண்மையாம். இவ்விரு பாதி உண்மைகளை நம்பிப் பனிக்காலத்தை எதிர்கொண்டோர் தம் வீட்டுக் கூரை நனைந்து இடிந்து விழக் கண்டதுண்டு. ஆதலின் குழாய் ஏன் உடைகிறது என்பதையும், அதன்மேற் சுற்றும் போர்வை யாது செய்ய வல்லது, யாது செய்ய மாட்டாது என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

வெயிலிற் காய்ந்த குழாயைத் திறந்தாற் கைபொறுக்காத சூட்டுடன் நீர் வரும் நாட்டிலிருப்போர்க்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று சிலர் வினவலாம். நம் கல்லூரியிற் பயின்றோர் இன்று டொராண்டோவிலும் லண்டனிலும் ஆஸ்லோவிலும் குடியேறி வாழ்கின்றனர். அன்னோர் முதன்முதல் வாடகைக்கு எடுக்கும் வீட்டிலே நிலவறையிலும் கூரையடியிலும் ஓடும் குழாய்களைப் பற்றி அவர்க்கு எடுத்துக் கூறுவார் அருமை. மேலும், நம் நாட்டெல்லைக்குள்ளேயே லடாக்கின் லே நகரிற் பனிக்காலத்தே குழாய்கள் உறைந்துபோக, மக்கள் கைப்பம்புகளை நாடிச் செல்லும் நிலை உண்டு. இவையெல்லாம் இல்லையெனினும், வெப்பம் எவ்வாறு நடமாடுகிறது என்பதைக் கற்பதற்கு ஒரு வீட்டுக் குழாயினும் சிறந்த பாடப்பொருள் கிடைத்தல் அரிது.

முதற்கண் நீரின் இயல்பை நோக்குவோம். பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கும். நீரோ 4 செல்சியஸ் பாகை வரையிற் சுருங்கிப் பின்னர்ச் சிறிது சிறிதாக விரியத் தொடங்கும். சுழியப் பாகையில் உறையும்பொழுது திடீரெனத் தன் பருமனில் நூற்றுக்கு 9 பங்கு பெருகும். உறைந்த நீரின் அணுக்கூட்டங்கள் இடைவெளி மிக்க அறுகோண அமைப்பில் ஒழுங்குறுதலே இதற்குக் காரணம். இப்பெருக்கத்தின் வலிமையை 1784–85 குளிர்காலத்தில், கனடாவின் கியூபெக் நகரிலே, பீரங்கிப் படையைச் சார்ந்த மேஜர் வில்லியம்ஸ் என்பார் சோதித்துப் பார்த்தார். உள்ளீடற்ற இரும்புக் குண்டுகளில் நீரை நிரப்பி, வாயை இரும்பு அடைப்பினால் இறுக்கி, கடுங்குளிரில் வெளியே வைத்தார். சில குண்டுகளில் அடைப்பு நூற்றுக்கணக்கான அடி தூரம் பாய்ந்து விழுந்தது. அடைப்பு அசையாது நின்றவிடத்துக் குண்டே பிளந்து, பிளவின் வழியே பனிக்கட்டி தகடுபோலப் பிதுங்கி நின்றது. வெடிமருந்தின்றி வெறுநீரே இவ்வேலையைச் செய்தது.

ஆனால் வீட்டுக் குழாய் அடைபட்ட குண்டன்று. அதன் ஒருபுறம் தெருவிலுள்ள பெருங்குழாயை நோக்கித் திறந்திருக்கிறது. மறுபுறம் நீரைத் திறந்து மூடும் திருகு இருக்கிறது. (இத்திருகையும் பேச்சிலே நாம் குழாய் என்றே வழங்குகிறோம், குழப்பம் நேராதிருக்கும் பொருட்டு ஈண்டுத் திருகு என்றே கூறுவேன்.) குழாயின் நடுவில் எங்கோ ஓரிடம் மிகக் குளிர்ந்து, அங்கே உறைதல் தொடங்குகிறது எனக் கொள்வோம். பனிக்கட்டி முதலிற் குழாயின் உட்சுவரிற் படிந்து, மையத்தை நோக்கி வளரும். அவ்வாறு வளருங்கால் அது தள்ளும் நீர் இருபுறமும் நகர்ந்து செல்ல இடமுண்டு. ஆதலின் அந்நிலையிற் குழாய்க்கு ஊறு நேர்வதில்லை. பின்னர் நடுத்துளையும் மூடிப் பனிக்கட்டி ஒரு தக்கைபோல அடைத்துக்கொள்கிறது. இப்பொழுதுதான் ஆபத்துத் தொடங்குகிறது. தக்கை நீளவாக்கில் வளர்கிறது. தெருப்பக்கம் வளர்ந்தால், அங்குள்ள நீர் பெருங்குழாய்க்கே திரும்பிச் செல்லும். திருகின் பக்கம் வளர்ந்தாலோ, மூடிய திருகுக்கும் தக்கைக்கும் இடையே அகப்பட்ட நீருக்குப் போக்கிடமில்லை.

நீர் அழுத்தத்துக்கு எளிதில் இணங்காத பொருள். அதன் பருமனை நூற்றுக்கு ஒரு பங்கு குறைக்க வேண்டுமாயின் ஏறக்குறைய 200 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் வேண்டும். பூட்டுண்டு கிடக்கும் ஒரு லிட்டர் நீரிலே 110 கிராம் உறைந்தாற் போதும். அதன் பெருக்கம் 10 கனசென்டிமீட்டர். அதுவே நூற்றுக்கு ஒரு பங்கு. நகரத்தார் வீட்டுக்கு அனுப்பும் நீரின் அழுத்தமோ பெரும்பாலும் 3 முதல் 5 வளிமண்டலம். அதனைத் தாங்குதற்கென்றே செய்யப்பட்ட குழாயில் 200 வளிமண்டலம் ஏறினால் என்னாகும்? குழாயின் சுவரில் எவ்விடம் மெலிந்ததோ, எம்மூட்டு நொய்ந்ததோ, அங்கே பிளவு காணும். அவ்விடம் பனிக்கட்டி இருக்கும் இடமாகவே இருக்கவேண்டுவதில்லை. பல வேளைகளில் அது தக்கைக்கு அப்பால், சற்றும் உறையாத நீர் நின்ற பகுதியிலேயே அமைகிறது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் 1990-களில் வீட்டுக் குழாய்களை உண்மையாகவே உறையவைத்து அளந்து பார்த்து இதனைத் தெளிவுபடுத்தினர்.

இவ்வுண்மை விளங்கினால், குளிர்நாட்டுப் பாட்டிமார் செய்துவரும் ஒரு காரியத்தின் பொருளும் விளங்கும். கடுங்குளிர் இரவிலே அவர்கள் திருகைச் சிறிது திறந்து, நீரைச் சொட்ட விட்டு உறங்கச் செல்வர். ஓடும் நீர் உறையாது என்பர். சொட்டுச் சொட்டாக விழும் நீர் கொண்டுவரும் வெப்பம் சொற்பமே. உறைதலைச் சில வேளை அது தடுக்கும், சில வேளை தடாது. அச்சிறு திறப்பின் பெரும்பயன் வேறு: குழாய் உறைந்தே போனாலும், அகப்பட்ட நீரின் அழுத்தம் திருகின் வழியே கழிந்துவிடும். குழாய் அடைபடும்; ஆனால் உடையாது.

இனிப் போர்வையைப் பற்றிக் கூறுவோம். வெப்பம் செல்லும் வழிகளாகிய கடத்தல், சுழற்சி, கதிர்வீசல் என்னும் மூன்றும் நாம் படித்தவையே. செம்பு வெப்பத்தைக் கடத்துவதில் அசையாத காற்றினும் ஏறக்குறைய 16,000 மடங்கு வல்லது. ஆகவே அசையாத காற்றைக் குழாயைச் சுற்றிச் சிறைப்படுத்துவதே போர்வையின் தொழில். கம்பளியாயினும், பஞ்சாயினும், கல்லை உருக்கி நூற்ற கற்கம்பளியாயினும், இக்காலத்து நுரைப்பொருளாயினும், உண்மையிற் காப்பது அவற்றின் இழைகளுக்கும் கண்ணறைகளுக்கும் இடையே நிற்கும் காற்றேயாகும். அதனாலேயே நனைந்த போர்வை பயன்படுவதில்லை. நீர் காற்றினும் 24 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். காற்று நின்ற இடத்தில் நீர் புகுந்தால் காவலன் போய்க் கள்வன் வந்த கதையாகும். வெளிப்புறக் குழாய்களின் போர்வைமேல் நீர்புகா உறை ஒன்று கட்டாயம் வேண்டும் என்பது இதனால்.

போர்வை வெப்பத்தை உண்டாக்குவதில்லை என்பதை இங்கு வற்புறுத்திக் கூற வேண்டும். நாம் கம்பளி போர்த்தினாற் குளிர் தெரியாதிருப்பது, நம் உடல் இடைவிடாது வெப்பத்தைத் தந்துகொண்டிருப்பதால். குழாயில் நிற்கும் நீருக்கு அத்தகைய உயிர்வெப்பம் இல்லை. அதற்குக் கம்பளி போர்த்துவது கற்சிலைக்குப் போர்த்துவதை ஒக்கும். சிலை மெல்லக் குளிரும்; அவ்வளவே.

எவ்வளவு மெல்ல என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பிரிட்டனில் வீடுகளிற் பெருவழக்காயுள்ள 15 மில்லிமீட்டர் செப்புக்குழாய் ஒன்றில் 7 பாகை வெப்பநிலையில் நீர் நிற்கிறது. சுற்றிலுமுள்ள காற்று சுழியத்துக்குக் கீழே 6 பாகை. காற்றோட்டம் மிகுதியாக இல்லை. போர்வையில்லாத குழாயில் அந்நீர் சுழியப் பாகையை அடைய ஏறக்குறைய 20 நிமிடம் போதும். அதன்மேல் முற்றும் உறைந்து இறுகச் சற்றேறக்குறைய 5 மணி நேரம் செல்லும். அதே குழாய்க்கு 20 மில்லிமீட்டர் தடிப்புள்ள நுரைப்போர்வை இட்டால், சுழியத்தை அடைய ஒரு மணி நேரமும், முற்றும் உறைய மேலும் 14 அல்லது 15 மணி நேரமும் ஆகும். மூன்று மடங்கு காலம் கிடைக்கிறது. மாலையிலிருந்து மறுநாட் காலை வரையில் அது போதும். யாரேனும் எழுந்து திருகைத் திறந்தாற் புதுநீர் வந்து குழாய்க்கு மறுபடி வெப்பமூட்டும். மூன்று நாள் ஆளில்லாத வீட்டிலே குளிர் நீடித்தால் அப்போர்வையாற் பயனில்லை.

குளிர்வதற்குச் சிறுபொழுதும் உறைவதற்கு நெடும்பொழுதும் ஆவதன் காரணம் ஸ்காட்லாந்துப் பேராசிரியர் ஜோசப் பிளாக் என்பார் 1760-ஐ ஒட்டிய ஆண்டுகளிற் கண்டறிந்த மறைவெப்பமே. ஒரு கிராம் நீரை 7 பாகையிலிருந்து சுழியத்துக்குக் கொணர 7 கலோரி வெப்பத்தை நீக்கினாற் போதும். சுழியப் பாகையிலுள்ள அதே நீரைச் சுழியப் பாகையிலுள்ள பனிக்கட்டியாக்க 80 கலோரியை நீக்க வேண்டும். இயற்கை அளித்த இவ்வரண் இல்லையாயின், வட நாடுகளில் ஒரு குழாயும் ஓரிரவு தாங்காது.

அப்படியாயின் போர்வையை இருமடங்கு தடிப்பாக்கினால் காலமும் இருமடங்காகாதோ எனின், ஆகாது. மேற்கூறிய குழாய்க்கு 20 மில்லிமீட்டருக்குப் பதில் 40 மில்லிமீட்டர் இட்டால் காலம் மூன்றிலொரு பங்கே கூடும். தட்டையான சுவருக்குப் போர்வை இடுவது வேறு. உருண்ட மெல்லிய குழாய்க்கு இடுவது வேறு. குழாயின் மேற் போர்வை பருக்கப் பருக்க, வெப்பம் வெளியேறும் புறப்பரப்பும் பெருகிக்கொண்டே போகிறது. ஒரு கை கொடுத்ததை மறுகை பறிக்கிறது. போர்வைப் பொருள் தாழ்ந்த தரமாக இருப்பின், மெல்லிய குழாய்க்கு அதனைச் சிறிதளவு சுற்றுவது வெற்றுக்குழாயினும் மிகுதியாக வெப்பத்தை இழக்கச் செய்வதும் உண்டு! பௌதிக மாணவர் இதனைத் தாமே கணக்கிட்டு மகிழலாம்.

தடித்த குழாயின் நிலை இதற்கு நேர்மாறானது. குழாயின் விட்டம் இருமடங்கானால் அதன் புறப்பரப்பு இருமடங்கே ஆகும். உள்ளிருக்கும் நீரோ நான்கு மடங்காகும். ஐஸ்லாந்து நாட்டில் நேஸ்யாவெட்லிர் என்னுமிடத்திலிருந்து தலைநகராகிய ரெய்க்யாவிக்கை நோக்கி 1990 முதல் வெந்நீர் செல்கிறது. பூமியின் வெப்பத்தாற் காய்ந்த அந்நீர் ஏறத்தாழ 83 பாகையிற் புறப்பட்டு, 27 கிலோமீட்டர் தூரம் பனிவெளியிலே ஓடியும் 2 பாகை கூட இழப்பதில்லை. குழாயின் விட்டம் 80 முதல் 90 சென்டிமீட்டர். போர்வை 10 சென்டிமீட்டர் கற்கம்பளி. நம் வீட்டு மெல்லிய குழாயில் நின்ற வெந்நீர் சமையலறையிலிருந்து குளியலறை சேருமுன் ஆறிவிடுவதை எண்ணிப் பார்ப்போர்க்கு இது மாயம்போலத் தோன்றும்.

வெந்நீர்க் குழாயைப் பற்றிப் பேச்சு வந்தமையால் அதன் கணக்கையும் கூறிவிடுகிறேன். 60 பாகை நீர் ஓடும் 22 மில்லிமீட்டர் குழாய், 20 பாகை அறையில், போர்வையின்றி மீட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 27 வாட் வெப்பத்தை இழக்கும். 25 மில்லிமீட்டர் போர்வையிட்டால் இழப்பு 7 வாட்டுக்கு இறங்கும். மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் இத்தகைய குழாயில் வெந்நீர் இரவும் பகலும் சுழன்றுகொண்டிருக்கும். பத்து மீட்டர் வெற்றுக்குழாய் ஒரு நாளில் ஏறக்குறைய 6½ யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தை வீணே கழிக்கும்; போர்த்திய குழாய் 1¾ யூனிட்டுக்கும் குறைவாகவே கழிக்கும். வீடுகளிலோ வெந்நீர் சுழல்வதில்லை. திருகை மூடியதும் குழாயிலேயே நிற்கும். அந்நீர் 60 பாகையிலிருந்து 40 பாகைக்குத் தணிய வெற்றுக்குழாயில் அரைமணியும் ஆகாது. போர்த்திய குழாயில் ஒன்றே முக்கால் மணியாகும். அண்ணன் குளித்து அரைமணி கழித்துத் தம்பி குளிப்பானாயின் இலாபம்; மறுநாட் காலையிற் குளிப்பானாயின் ஒன்றுமில்லை. நம் ஊர் மாடிகளிற் சூரிய வெந்நீர்க் கலம் வைத்திருப்போரும் கலத்திலிருந்து இறங்கும் குழாய்க்குப் போர்வை இட்டால் மாலைக்குப் பின்னர் அதன் பயனை உணர்வர்.

கல்நாரைப் பற்றி ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பழைய நூல்கள் பல அதனை நெருப்புக்கும் அஞ்சாத அருமையான காப்புப் பொருளென்று புகழும். சென்ற நூற்றாண்டில் நீராவிக் குழாய்களுக்குக் கல்நாரும் மக்னீசியாவும் கலந்து குழைத்துப் பூசுவது உலகெங்கும் வழக்கமாயிருந்தது. அத்தொழில் செய்தோரின் நுரையீரலில் அதன் நுண்ணிழைகள் தங்கிப் புற்றுநோய் விளைத்தன. அமெரிக்காவில் டாக்டர் ஸெலிகாப் என்பாரும் அவருடன் ஆய்ந்தோரும் குழாய்க்காப்புத் தொழிலாளரை ஆராய்ந்து 1964-இல் இதனை ஐயமின்றி நிறுவினர். பிரிட்டன் 1999-இல் கல்நார் முழுவதையும் விலக்கியது. ஆயினும் பழைய கட்டடங்களின் நிலவறைகளில் வெள்ளைச் சாந்து பூசிய குழாய்கள் இன்னும் கிடக்கின்றன. அத்தகைய பூச்சைக் கண்டாற் சுரண்டுதலும் உடைத்தலும் கூடாது. பயிற்சி பெற்றோரை அழைத்தலே முறை.

உறைதலுக்குத் திரும்புவோம். சுழியப் பாகையை அடைந்தவுடன் நீர் உறைந்தே தீரும் என்று எண்ணலாகாது. அசையாது நிற்கும் தூயநீர், படிகம் தோன்றுதற்கு ஒரு வித்தின்றி, சுழியத்துக்குக் கீழே சில பாகை வரையில் நீராகவே குளிர்ந்து நிற்கும். பின்னர்த் திடீரென ஓரிடத்திற் படிகம் தோன்றி, இலைநரம்பு போன்ற மெல்லிய தகடுகளாகக் கிளைத்துக் குழாய் முழுதும் படரும். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கில்பின் என்பார் 1970-களில் இதனை நுணுகி ஆராய்ந்தார். நீர் 4 பாகை கீழே குளிர்ந்திருந்ததாயின், ஒரு கிராமுக்கு 4 கலோரி கடன்பட்டிருக்கிறது என்க. 80-இல் 4 என்பது இருபதிலொரு பங்கு. ஆகவே அந்நீரில் இருபதிலொரு பங்கே அக்கணத்தில் உறையும். மிகுதி யாவும் நீரே. ஆயினும் அந்த இருபதிலொரு பங்கு முட்புதர்போற் பின்னிக் குழாயை அடைத்துவிடும். குழாய் முற்றும் உறைய ஐந்து மணி நேரம் இருக்கிறதே என்று கணக்குக் காட்டி உறங்கச் செல்வோர் இதனையும் மனத்திற் கொள்க.

இவை யாவும் ஒருங்கே திரண்டு ஒரு நாட்டை வருத்திய நிகழ்ச்சி அண்மையில் நடந்தது. 2021 பிப்ரவரி மாதத்தில் அமெரிக்காவின் தென்பகுதியாகிய டெக்சஸ் மாநிலத்தில் வடதுருவக் குளிர் இறங்கியது. பிப்ரவரி 16 அன்று டல்லஸ் நகர விமான நிலையத்திற் சுழியத்துக்குக் கீழ் 19 பாகை பதிவாயிற்று. மின்நிலையங்கள் பல நின்றன. 45 இலட்சம் வீடுகளுக்கு மேல் மின்சாரம் இழந்தன. அம்மாநிலத்து வீடுகள் வெப்பத்தை மனத்திற் கொண்டு கட்டப்பட்டவை. நீர்க்குழாய்கள் கூரைக்கும் உள்முகட்டுக்கும் இடையிலும், வெளிச்சுவர்களிலும் ஓடுகின்றன. மின்சாரம் இருந்தவரையில் வீட்டின் உள்வெப்பம் கசிந்து அவற்றைக் காத்தது. அது நின்றதும், போர்வையிட்ட குழாய்களும் கிடைத்த சில மணி நேரத்தைச் செலவிட்டுவிட்டு உறைந்தன. மின்சாரத்தாற் சூடேறும் நாடாவைச் சுற்றியிருந்தோர்க்கும் அந்நாடா வெறுநாடாவாயிற்று. பின்னர் வெயில் எழுந்து தக்கைகள் உருகியபோது, அதுவரையிற் பனிக்கட்டியே அடைத்து வைத்திருந்த பிளவுகள் திறந்து, முகடுகளிலிருந்து நீர் கொட்டியது. எண்ணற்ற பிளவுகளில் நீர் கழிந்தமையால் நகர நீரழுத்தமும் தாழ்ந்தது. ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் நீரைக் காய்ச்சிக் குடிக்குமாறு அறிவுறுத்தப்பட்டனர். அக்குளிராலும் அதன் விளைவுகளாலும் இறந்தோர் 246 பேர் என அம்மாநிலச் சுகாதாரத் துறை கணக்கிட்டது. அவருட் பெரும்பாலோர் உடல் வெப்பம் குன்றியே மாண்டனர்.

இதைவிடக் கடுங்குளிர் கனடாவில் ஆண்டுதோறும் வருகிறது. ஆண்டுதோறும் அந்நாடு இவ்வாறு அல்லற்படுவதில்லை. அங்கே குழாய்களை வீட்டின் உட்சுவர்களில், வெப்பமான பக்கத்தில், கொண்டு செல்வர். வெளிச்சுவரிற் செல்ல நேர்ந்தால், போர்வைப் பொருளைக் குழாய்க்கும் வெளிக்குளிருக்கும் இடையிலே வைக்க வேண்டும். குழாய்க்கும் அறைக்கும் இடையில் வைத்தால், அறையின் வெப்பம் குழாயை எட்டாது தடுத்து, குளிருக்கே துணை செய்ததாகும். அறியாத தொழிலாளர் இப்பிழையைச் செய்வதுண்டு. பிரிட்டனிற் கூரையடியில் நீர்த்தொட்டி வைப்போர் தொட்டியின் மேலும் பக்கங்களிலும் போர்வையிட்டு, அடியில் மட்டும் இடாது விடுவதும் இவ்விதியை ஒட்டியதே. கீழ்வீட்டின் வெப்பம் எழுந்து தொட்டியைத் தொடவேண்டுமன்றோ? சுவரிற் குழாய் நுழையும் துளையைச் சுற்றிய சிறு இடைவெளியையும் அடைத்தல் வேண்டும். அவ்வழியே ஊதும் குளிர்காற்று, போர்வையின் பயனை எல்லாம் ஓரிடத்திற் கெடுத்துவிடும். தக்கை தோன்றுதற்கு ஓரிடமே போதும்.

வீட்டுக்கு வெளியே குழாயைக் காப்பது மண். மண்ணின் மேற்பரப்பு உறைந்தாலும் ஆழத்தில் வெப்பம் தங்கும். டொராண்டோவிற் பனி இறங்கும் ஆழத்தை 1.2 மீட்டர் எனக் கொண்டு கட்டடம் எழுப்புகின்றனர். குழாய் அதற்கும் கீழே செல்லும். பிரிட்டனில் 75 சென்டிமீட்டர் ஆழம் போதுமென விதித்துள்ளனர். ஆனால் மண்ணும் ஒரு போர்வையே. அதுவும் காலத்தையே தருகிறது. தரைமேல் ஜனவரியில் அடித்த குளிர், கீழே இரண்டு மீட்டர் சென்று சேர வாரங்கள் பல ஆகும். 2014-ஆம் ஆண்டில் கனடாவின் வின்னிபெக் நகரில் இது வெளிப்பட்டது. கடுமையான குளிர்காலம் கழிந்து வசந்தம் பிறந்த பின்னும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளின் தரையடிக் குழாய்கள் ஒவ்வொன்றாக உறைந்தன. மேலே வெயில், கீழே பனி. அயல்வீட்டிலிருந்து ரப்பர்க் குழாயால் நீர் வாங்கிப் பல குடும்பங்கள் காலம் கழித்தன. வடதுருவத்தை அடுத்த இனுவிக் என்னும் ஊரிலோ மண்ணே ஆண்டு முழுதும் உறைந்து கிடக்கிறது. அங்கே குழாயைப் புதைத்தாற் குழாயும் உறையும், குழாயின் வெப்பத்தால் நிலமும் உருகி அமிழும். ஆதலின் நல்ல நீர்க்குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் போர்வையிட்ட ஒரு நெடும்பெட்டியில் அடைத்து, கால் நாட்டித் தரைக்குமேலே வீடுவீடாகக் கொண்டு செல்கின்றனர்.

குளிர்நாட்டில் வாழ்வோர் பனிக்காலம் தொடங்குமுன் செய்யத்தக்கவை சிலவே. தெருவிலிருந்து வரும் நீர் முழுவதையும் நிறுத்தும் தலைமை வால்வு வீட்டில் எங்குள்ளது என்று கண்டறிந்து, அது திரும்புகிறதா என்று பார்த்து வைத்தல் முதற்காரியம். வெள்ளம் பாயும்பொழுது அதனைத் தேடுவது துன்பம். தோட்டத்துக் குழாய்க்குச் செல்லும் நீரை உள்ளே நிறுத்திக் குழாயை வடித்துவிடல் வேண்டும். வெறுங்குழாய் உறைவதற்கு ஒன்றுமில்லை. கடுங்குளிர் இரவில் தொட்டியடி அலமாரிகளின் கதவுகளைத் திறந்து வைத்தால் அறையின் வெப்பம் உட்புகும். ஊருக்குச் செல்வோர் செலவு மிச்சமென எண்ணி வீட்டுக் கணப்பை அறவே அணைத்துவிடலாகாது. 13 பாகை அளவில் எரியவிடலாம், இன்றேல் நீரை நிறுத்திக் குழாய்கள் யாவற்றையும் வடித்துவிட்டுச் செல்லலாம். இக்காலத்துப் பிளாஸ்டிக்குக் குழாய்கள் சில சிறிது விரிந்துகொடுப்பதால் எளிதில் உடைவதில்லை. ஆயினும் அவற்றின் மூட்டுகள் அவ்வாறு விரியா.

இவ்வளவும் செய்தும் ஒரு காலையிற் திருகைத் திறக்க நீர் வராதாயின், அதனை மூடிவிடாது திறந்தபடியே வைக்க வேண்டும். தலைமை வால்வை மூடுக. பின்னர்த் திருகின் பக்கத்திலிருந்து தொடங்கித் தக்கையை நோக்கி, வெந்நீரில் நனைத்த துணியாலோ தலைமயிர் உலர்த்தும் மின்கருவியாலோ குழாயைச் சிறிது சிறிதாகச் சூடாக்குக. (மின்கருவியை எடுப்போர் தரையில் நீர் தேங்கியிருத்தலாகாது என்பதை மறவற்க.) திருகின் பக்கம் தொடங்குவதால் உருகிய நீர் வெளியேற வழி இருக்கும், நடுவிற் சூடேற்றினால் இரண்டு தக்கைகளுக்கிடையே நீரும் ஆவியும் அகப்படலாம். எரியும் விளக்கையும் தீச்சுடரையும் குழாயருகே கொண்டு செல்லலாகாது. மரச்சுவர்க்குள் மறைந்திருந்த குழாயை உருக்கப் புகுந்து வீட்டையே எரித்தோர் உளர். நீர் மெல்ல வரத் தொடங்கியபின் தலைமை வால்வைச் சிறிதளவே திறந்துவிட்டு, கையில் ஒரு விளக்குடன் குழாயின் நீளம் முழுதும் பார்த்துச் செல்க. உறைந்து கிடந்த இடம் நலமாயிருப்பினும் அங்கே நின்றுவிடாது, அதற்கும் திருகுக்கும் இடைப்பட்ட மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க வேண்டும். பிளவு இருக்குமாயின் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.